விலையை ஏற்றும் போட்டி

விசா நிறுவனத்தின் 2023 நிதியாண்டுக் கணக்கில் ஒரு கழிவு இருக்கிறது: வாடிக்கை நிறுவனங்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை, சுமார் 1,230 கோடி டாலர். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நிகர வருவாய் சுமார் 3,270 கோடி டாலர். கைக்கு வந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் கார்டைத் தேய்க்கும் நீங்களோ நானோ அல்ல. பெரும்பாலும் கார்டு வழங்கும் வங்கிகள். சில பெரிய வணிக நிறுவனங்களும் உண்டு.

போட்டி இல்லாத தொழிலில் யாரும் இவ்வளவு பணத்தை வாரி இறைக்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்கக் கடைக்காரர்கள் முப்பது ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறி முறையிடுவதோ, இந்தத் தொழிலில் போட்டியே கிடையாது என்றுதான். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. நெட்வொர்க்குகள் கடுமையாக மோதிக்கொள்கின்றன. மோதுவது வங்கிகளைப் பிடிக்க. வங்கிக்கு அதிக வருமானம் காட்டும் நெட்வொர்க் ஜெயிக்கிறது. அந்த வருமானம் கடைக்காரரின் கல்லாவிலிருந்து போகிறது. ஆகவே இந்தச் சந்தையில் போட்டி முற்றினால் விலை ஏறும். பொருளாதாரப் பாடநூலின் முதல் அத்தியாயத்துக்கு நேர் எதிரான இந்த நிலை எப்படி உண்டானது என்பதற்கு அமெரிக்காவில் அறுபது ஆண்டு ஆவணம் இருக்கிறது. இந்தியா இன்று எடுக்கும் முடிவுகளைப் புரிந்துகொள்ளவும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் பணம் போகும் வழி. ஒரு ஜவுளிக்கடையில் ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்துக் கார்டைத் தேய்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு ஆயிரம் முழுதாக வராது. அவருக்கு மெஷின் கொடுத்த வங்கி, உதாரணத்துக்கு இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கும். இதைத்தான் எம்.டி.ஆர். என்கிறார்கள். இருபதில் பெரும்பகுதி, பதினைந்து ரூபாய் என்று கொள்வோம், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். இதற்குப் பெயர் இண்டர்சேஞ்ச். நெட்வொர்க்குக்கு வருவது இரண்டு வங்கிகளிடமும் தனியாக வசூலிக்கும் சிறு கட்டணம் மட்டுமே. ஆனால் அந்தப் பதினைந்து ரூபாய் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று விகிதத்தை நிர்ணயிப்பது நெட்வொர்க். தான் எடுத்துக்கொள்ளாத பணத்துக்குத் தானே விலை வைக்கும் விநோதமான வேலை இது. அந்த விகிதத்தை உயர்த்தினால் நெட்வொர்க்குக்கு நேரடி லாபம் எதுவுமில்லை. ஆனால் வங்கிகள் அதன் கார்டுகளை அதிகமாக வழங்கும். வங்கி தனக்கு வந்ததில் ஒரு பகுதியை ரிவார்டு பாயிண்டாகவும் கேஷ்பேக்காகவும் விமான நிலைய லவுஞ்சாகவும் உங்களுக்குக் கொடுக்கும். நீங்கள் அந்தக் கார்டையே தேடித் தேடித் தேய்ப்பீர்கள். கடைக்காரருக்கு உங்களை விட்டுவிட மனம் வராது.

விசாவும் மாஸ்டர்கார்டும் இந்த வகை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் டிஸ்கவரும் நெடுங்காலம் தாங்களே வங்கியாகவும் நெட்வொர்க்காகவும் இருந்தவை. அங்கே இண்டர்சேஞ்ச் என்று தனியாக ஒன்று இல்லை. கடைக்காரரிடம் வாங்குவது நேராக அவர்கள் பைக்கே போகும்.

இனி கதைக்கு வருவோம். 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோது உணவகங்களிடம் அது கேட்டது 7 சதவீதம். பேங்க் ஆஃப் அமெரிக்கா 1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் அறுபதாயிரம் பேருக்கு, யாரும் கேட்காமலேயே, தபாலில் கார்டுகளை அனுப்பிவைத்தது. வீட்டுக்கு வீடு துண்டு நோட்டீஸ் போடுவதுபோல் கடனைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஃப்ரெஸ்னோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், திட்டம் கவிழ்ந்தாலும் சேதம் ஓர் ஊரோடு நின்றுவிடும் என்ற கணக்கு. நிற்கவில்லை. கலிபோர்னியா முழுக்க விரிந்தபோது 4 சதவீதம் பேர்தான் தவணை தவறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 22 சதவீதம் பேர் தவறினார்கள். திட்டத்தை நடத்திய ஜோசப் வில்லியம்ஸ் 1959 டிசம்பரில் வேலையை விட்டுப் போனார். ஆனால் வங்கி விடவில்லை. சில ஆண்டுகளில் லாபம் பார்த்தது. 1966-இல் அந்தக் கார்டை மற்ற வங்கிகளுக்கும் உரிமம் கொடுத்து விற்றது. அதே ஆண்டு, அதைப் பார்த்துப் பயந்த வேறு வங்கிகள் கூடி இன்டர்பேங்க் என்ற சங்கத்தை அமைத்தன. முதலாவது 1976-இல் விசா ஆனது. இரண்டாவது 1979-இல் மாஸ்டர்கார்டு என்று பெயர் மாறியது. இரண்டும் வங்கிகளுக்கே சொந்தமான சங்கங்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரூபே வரும்போது தேவைப்படும்.

இந்த இரண்டு சங்கங்களும் உண்மையில் எதிரிகளாக இருந்த காலம் மிகக் குறைவு. 1971-இல் ஆர்கன்சா மாநிலத்தின் வொர்தென் வங்கி, தான் இரண்டிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. விசாவின் முன்னோடியான சங்கம் கூடாது என்று விதி போட்டது. வங்கி வழக்குத் தொடுத்து மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பி, முழு விசாரணை நடத்தச் சொன்னது. சங்கத்தின் தலைவர் டீ ஹாக், வழக்கில் மாட்டிக்கொண்டே காலத்தைக் கழிக்க விரும்பாமல், நீதித்துறை அமைச்சகத்திடம் போய் எங்கள் விதிக்கு ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்டார். 1975-இல் அமைச்சகம் கொடுக்க மறுத்தது. தடை விலகியதும் சில ஆண்டுகளுக்குள் அநேகமாக எல்லா வங்கிகளும் இரண்டு வீட்டிலும் பாய் போட்டுக்கொண்டன. ஒரே வங்கிகளுக்குச் சொந்தமான இரண்டு சங்கங்கள் ஒன்றையொன்று எவ்வளவு தீவிரமாகத் தாக்கும்? இப்படி நடக்கும் என்று ஹாக் அப்போதே எச்சரித்திருந்தார். 1998-இல் அதே அமைச்சகம் விசா மீதும் மாஸ்டர்கார்டு மீதும் ஏகபோகத் தடுப்பு வழக்குப் போட்டபோது முதல் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இரண்டு சங்கங்களையும் ஒரே வங்கிகள் ஆள்கின்றன, அதனால் போட்டி செத்துவிட்டது என்பதுதான். அரசு அலுவலகங்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்பது நம் ஊரில் மட்டும் உள்ள குறை அல்ல.

அந்த 1998 வழக்கின் இரண்டாவது குற்றச்சாட்டுதான் நின்றது. விசா 1991-இலும் மாஸ்டர்கார்டு 1996-இலும் தங்கள் உறுப்பு வங்கிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தன: எங்கள் இருவரின் கார்டுகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் வழங்குங்கள், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அல்லது டிஸ்கவர் கார்டைத் தொட்டால் வெளியே போங்கள். எதிரிக்கு எதிரி நண்பன் என்பார்கள். இங்கே இரண்டு எதிரிகளும் சேர்ந்து மூன்றாவது ஆளுக்குக் கதவடைத்தார்கள். 1999-இல் கார்டு வணிகத்தின் மதிப்பில் விசாவுக்கு 47 சதவீதம், மாஸ்டர்கார்டுக்கு 26, அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு 20, டிஸ்கவருக்கு 6. நீதிபதி பார்பரா ஜோன்ஸ் 2001-இல் அந்த விதிகளைச் சட்டவிரோதம் என்றார். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. பிறகு, கதவடைப்பால் நஷ்டப்பட்டோம் என்று மற்ற இருவரும் வழக்குப் போட்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் விசாவிடம் சுமார் 225 கோடி டாலரும் மாஸ்டர்கார்டிடம் 180 கோடியும் வாங்கியது. டிஸ்கவருக்கு இருவரும் சேர்ந்து 275 கோடி.

சட்டப் புத்தகத்தில் இது போட்டிக்குக் கிடைத்த வெற்றி. கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால்? இப்போது வங்கிகளுக்குப் பிடிக்க இரண்டு நெட்வொர்க்குக்குப் பதில் நான்கு. வங்கியைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் இண்டர்சேஞ்சை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தரக்கூடிய அளவுக்குக் கவர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அதிக இண்டர்சேஞ்ச் உள்ள உயர்வகைக் கார்டுகள் பெருகின. விசா கிரெடிட் கார்டை ஏற்கும் கடை விசாவின் எல்லாக் கிரெடிட் கார்டையும் ஏற்றே ஆக வேண்டும் என்பது விதி. சாதாரணக் கார்டுக்கு மட்டும் சரி, பளபளக்கும் கருப்புக் கார்டுக்கு முடியாது என்று கடைக்காரர் சொல்ல வழியில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பெரிய வழக்குகள் அல்ல. 1999-இல் டிஸ்கவர் செய்து பார்த்து, கைவிட்ட ஒரு முயற்சி. சியர்ஸ் நிறுவனம் 1985-இல் தொடங்கிய டிஸ்கவர், நான்கில் சிறியது. சிறிய நிறுவனம் பெரியவர்களோடு மோத என்ன செய்யும்? விலையைக் குறைக்கும். டிஸ்கவர் வணிகர்களிடம் போனது: எங்கள் கட்டணம் மற்ற மூவரையும்விடக் குறைவு; உங்கள் கடைக்கு வருபவர்களை எங்கள் கார்டுக்குத் திருப்பிவிடுங்கள், இன்னும் குறைத்துத் தருகிறோம். எந்தச் சந்தையிலும் இது எடுபட்டிருக்கும். இங்கே எடுபடவில்லை. 'டிஸ்கவரில் கட்டினால் ஒரு சதவீதம் தள்ளுபடி' என்று கடைக்காரர் பலகை வைக்க முடியாது. 'இந்தக் கார்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது, வேறு இருந்தால் கொடுங்களேன்' என்று வாயால்கூடச் சொல்ல முடியாது. மற்ற நெட்வொர்க்குகளின் ஒப்பந்தங்கள் அதைத் தடுத்திருந்தன. விலையைக் குறைத்தும் ஒரு பரிவர்த்தனைகூடக் கூடுதலாக வராது என்றானபோது, டிஸ்கவர் அந்த உத்தியைக் கைவிட்டுத் தன் கட்டணத்தை மற்றவர்கள் அளவுக்கு ஏற்றிக்கொண்டது. மலிவு விற்பவர் தோற்று, விலையேற்றியவர்களோடு சேர்ந்துகொண்ட கதை. பின்னாளில் நடந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் இது சாட்சியமாகவே பதிவானது.

அந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1991-இல் பாஸ்டன் நகர உணவக உரிமையாளர்கள், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் விசாவைவிட அதிகக் கட்டணம் வாங்குகிறது என்று கலகம் செய்தார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய பழைய போராட்டத்தின் பெயரைக் கொஞ்சம் மாற்றி, பத்திரிகைகள் அதற்கு 'பாஸ்டன் ஃபீ பார்ட்டி' என்று பெயரிட்டன. நிறுவனம் உணவகங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. விசாவும் சும்மா இருக்கவில்லை. கடைகளில் 'விசாவையே விரும்புகிறோம்' என்ற வகையில் விளம்பரப் பலகைகள் வைக்கச் செய்தது. கடைக்காரருக்கு வாயைத் திறக்க வாய்ப்பிருந்தால் விலை இறங்கும் என்பதற்கு இதுவே சான்று. பாடம் கற்றுக்கொண்ட அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், எந்தக் கார்டை விரும்புகிறோம் என்று கடைக்காரர் வெளிக்காட்டவே கூடாது என்று தன் ஒப்பந்த நிபந்தனைகளை இறுக்கியது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அது வணிகர்களுக்கான கட்டணத்தை இருபது முறை உயர்த்தியது. குறிப்பிடத்தக்க அளவில் கடைகள் விலகவில்லை.

2010 அக்டோபரில் அரசும் பல மாநிலங்களும் மூன்று நெட்வொர்க்குகள்மீதும் வழக்குத் தொடுத்தன. விசாவும் மாஸ்டர்கார்டும் அன்றே சமரசம் செய்துகொண்டு, தள்ளுபடி கொடுத்துத் திருப்பும் உரிமையைக் கடைகளுக்கு விட்டுக்கொடுத்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் நின்று போராடியது. 2015-இல் மாவட்ட நீதிபதி நிக்கோலஸ் கராஃபிஸ் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2016-இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. 2018 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பக்கம் நின்றது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்: கார்டு என்பது இரண்டு பக்கமுள்ள சந்தை, கடைக்காரருக்கு விலை ஏறியது என்று மட்டும் காட்டினால் போதாது, கார்டு வைத்திருப்பவருக்குக் கிடைத்த சலுகைகளையும் சேர்த்து மொத்தக் கணக்கில் நஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் காசு பார்க்கும் தரகரை நமக்கும் தெரியும். வீட்டு புரோக்கர் வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகை, குடிவருபவரிடம் ஒரு மாத வாடகை என்று வாங்குவார். வீட்டுக்காரரிடம் இரண்டு மாத வாடகை வாங்கி, அதில் ஒரு பாதியைக் குடிவருபவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால், 'பார்த்தீர்களா, மொத்தத்தில் நான் நியாயம்' என்று அவர் வாதிடலாம். வீட்டுக்காரர் அந்த இரண்டு மாதத்தை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பதுதான் வாதத்தில் விட்டுப்போனது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயர் இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டினார். டிஸ்கவரின் கதையையும் எடுத்துச் சொன்னார். நால்வர் கருத்து ஐவருக்கு முன் எடுபடவில்லை. தீர்ப்பு தவறு என்பது என் எண்ணம். அன்பளிப்பை வாங்குபவரும் வாடகை ஏற்றத்தைச் சுமப்பவரும் ஒரே ஆளாக இருந்தால்கூடக் கணக்கு ஏதோ சரியாகும். இங்கே இருவரும் வேறு வேறு.

எவ்வளவு வேறு என்பதை பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டார்கள். கடைக்காரர் கார்டுச் செலவைத் தனியாக வசூலிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே விலையாகப் பொருள்மீது ஏற்றிவிடுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அந்த ஏற்றிய விலையைத்தான் கொடுக்கிறார், ஆனால் அவருக்கு ரிவார்டு பாயிண்ட் கிடையாது. இப்படி ரொக்கத்தில் வாங்கும் அமெரிக்கக் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1,133 டாலர் போய்ச் சேருகிறது. ரொக்கத்தில் வாங்குபவர்களில் பெரும்பான்மையோர் எந்த வருமானப் பிரிவினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லவுஞ்சில் சாப்பிடும் இலவச இட்லிக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கடைக்காரர்கள் கையாலாகாமல் உட்கார்ந்துவிடவில்லை. வால்மார்ட் முன்னின்று 1996-இல் போட்ட வழக்கில், கிரெடிட் கார்டை ஏற்றால் டெபிட் கார்டையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் 2003-இல் உடைந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து சுமார் 300 கோடி டாலர் கொடுத்தன. இண்டர்சேஞ்சை எதிர்த்து 2005-இல் தொடங்கிய இன்னொரு பெரும் வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டி இழுக்கிறது. 2012-இல் வந்த ஒரு சமரசத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் ரத்து செய்தது. 2024 மார்ச்சில் 3,000 கோடி டாலர் மிச்சமாகும் என்று சொல்லிக் கொண்டுவந்த சமரசத்தை ஜூன் மாதம் நீதிபதி மார்கோ ப்ரோடி நிராகரித்தார்.

நீதிமன்றத்துக்கு வெளியே, பேரம் பேசும் பலம் உள்ள சில கடைகள் வேறு வழி கண்டன. காஸ்ட்கோ 1999 முதல் தன் அமெரிக்கக் கிளைகளில் கிரெடிட் கார்டு என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் என்று வைத்திருந்தது. ஒப்பந்தம் முடியும் நேரத்தில் நெட்வொர்க்குகளை ஏலத்தில் நிறுத்தி, 2016-இல் விசாவுக்குத் தாவியது. அங்கே ஒரே ஒரு நெட்வொர்க்தான் உள்ளே வர முடியும். அதனால் போட்டி கடைக்காரரைப் பிடிக்க நடந்தது. உறுப்பினராகாமல் உள்ளே நுழைய முடியாத கிடங்குக் கடைக்குத்தான் இந்த மிடுக்கு முடியும். அமேசானே பிரிட்டனில் விசா கிரெடிட் கார்டை ஏற்க மாட்டோம் என்று 2022 ஜனவரிக்குக் கெடு வைத்துவிட்டு, கெடு நெருங்கியதும் பின்வாங்கியது. தெருமுனைக் கடை என்ன செய்யும்?

சட்டத்தால் விலையைப் பிடித்தவர்களின் அனுபவமும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2003-இல் விசா, மாஸ்டர்கார்டின் இண்டர்சேஞ்சைச் சுமார் 0.95 சதவீதத்திலிருந்து 0.55 அளவுக்கு இறக்கியது. கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் உரிமையையும் கடைகளுக்குக் கொடுத்தது. ஆனால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு இண்டர்சேஞ்ச் இல்லையே என்று அதை வெளியே விட்டது. வங்கிகள் உடனே கணக்குப் போட்டன. விசா கார்டோடு ஜோடியாக ஓர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பத் தொடங்கின. அந்த வாசலை அடைக்க ஆஸ்திரேலியாவுக்கு 2017 வரை ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அங்கே கார்டு ஒழிந்துபோகவில்லை. ரிவார்டு பாயிண்டுகள்தான் மெலிந்தன. அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த டர்பின் திருத்தம் டெபிட் கார்டோடு நின்றுவிட்டது. டெபிட் சந்தையிலும் விசாவின் பிடி தளரவில்லை என்று 2024 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகம் மறுபடியும் வழக்குப் போட்டிருக்கிறது. நாட்டின் டெபிட் பரிவர்த்தனைகளில் 60 சதவீதத்துக்கு மேல் விசாவின் வழியாகப் போகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. இதற்கிடையில் கேப்பிட்டல் ஒன் வங்கி 2025 மே மாதம் டிஸ்கவரையே விலைக்கு வாங்கிவிட்டது. கார்டு வழங்கும் பெரிய வங்கியே நெட்வொர்க்கின் முதலாளியாவது போட்டியைக் கூட்டுமா என்றால், வங்கிகளுக்கான போட்டியைக் கூட்டலாம். கடைக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று எனக்குப் புலப்படவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். வங்கிகளின் பொது நிறுவனமான என்.பி.சி.ஐ. 2012-இல் ரூபே கார்டை வெளியிட்டது. விசாவும் மாஸ்டர்கார்டும் தொடங்கியது போலவே இதுவும் வங்கிகளுக்குச் சொந்தமான நெட்வொர்க். 2014-இல் ஜன்தன் கணக்குகளோடு கோடிக்கணக்கில் ரூபே டெபிட் கார்டுகள் போயின. பிறகு அரசு ஒரு பெரிய காரியம் செய்தது: 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யூ.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். பூஜ்யம். கடைக்காரருக்கு நல்லதுதான். ஆனால் அமெரிக்க வரலாறு சொல்வதை இங்கே பொருத்திப் பாருங்கள். எந்த நெட்வொர்க்கின் கார்டைக் கொடுப்பது என்று முடிவு செய்வது வங்கி. பெரிய கடைகளில் விசா டெபிட் கார்டு தேய்த்தால் எம்.டி.ஆர். 0.9 சதவீதம் வரை போகலாம். ரூபே தேய்த்தால் வங்கிக்கு ஒன்றுமில்லை. வசதியான வாடிக்கையாளருக்கு வங்கி எந்தக் கார்டை நீட்டும்? இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு ரூபே டெபிட் கார்டையும் சிறு தொகை யூ.பி.ஐ.யையும் சேர்த்து வங்கிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. 2021-22-க்கு 1,300 கோடி ரூபாய், 2022-23-க்கு 2,600 கோடி என்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விசா தன் வருவாயிலிருந்து வங்கிக்குக் கொடுப்பதை, இங்கே வரிப்பணத்திலிருந்து அரசு கொடுத்தது. விலை மறையவில்லை, கட்டுபவர் மாறினார்.

கிரெடிட் கார்டில் நிலைமை வேறு. அங்கே எம்.டி.ஆருக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு கிடையாது. டெபிட் கார்டுக்கு இருக்கிறது. 2022 ஜூனில் ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யோடு இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. கார்டு மெஷினே இல்லாத பெட்டிக்கடை க்யூ.ஆர். ஸ்டிக்கரிலும் கிரெடிட் கார்டு ஓடத் தொடங்கியது. இந்தச் சலுகை விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ இல்லை. இந்திய அரசு ரூபேக்குச் சார்பாக நடக்கிறது என்று மாஸ்டர்கார்டு 2018-இலும் விசா 2021-இலும் அமெரிக்க அரசிடம் முறையிட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்த முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. அதே சமயம், தங்கள் சொந்த நாட்டில் பல ஆண்டுகள் மூன்றாமவருக்குக் கதவடைத்தவர்கள் சமவாய்ப்பு பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது சிரிப்பு வராமலும் இல்லை.

ஒரே நெட்வொர்க்கை நம்பியிருப்பதன் ஆபத்து 2021 ஜூலையில் தெரிந்தது. பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவில் சேமிக்க வேண்டும் என்ற 2018 உத்தரவைப் பின்பற்றவில்லை என்று, மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. கிரெடிட் கார்டுக்கு மாஸ்டர்கார்டை நம்பியிருந்த ஆர்.பி.எல். வங்கி, மாதம் சுமார் ஒரு லட்சம் புதிய கார்டுகள் கொடுத்துவந்த நிலையில், அவசர அவசரமாக விசாவோடு ஒப்பந்தம் போட்டுத் தன் கணினிகளை மாற்ற வேண்டியிருந்தது. தடை நீங்க 2022 ஜூன் ஆனது.

பிறகு வந்தது 2024 மார்ச் 6 சுற்றறிக்கை. ஒரு நெட்வொர்க்கோடு மட்டுமே தொடர்பு என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களைக் கார்டு வழங்கும் வங்கிகள் செய்யக் கூடாது. கார்டு வாங்கும்போது எந்த நெட்வொர்க் என்று தேர்ந்தெடுக்க வாடிக்கையாளருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 6 முதல் அமல். பத்து லட்சமோ அதற்குக் குறைவாகவோ கார்டுகள் வழங்கியிருக்கும் நிறுவனங்களுக்கும், தங்கள் சொந்த நெட்வொர்க்கிலேயே கார்டு வழங்கும் நிறுவனத்துக்கும் விலக்கு. பின்னது ஆஸ்திரேலியா கொடுத்து மாட்டிக்கொண்டது போன்ற விலக்கு.

வரவேற்க வேண்டிய உத்தரவுதான். 1991-இல் விசா போட்டது போன்ற விதி இங்கே முளைக்காமல் தடுக்கும். ஆனால் விலை குறையும் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குப் போயிருக்கிறது. கட்டணம் கட்டுவது கடைக்காரர். எதிலே பாயிண்ட் அதிகம் என்றுதான் நாம் தேர்ந்தெடுப்போம். எதிலே பாயிண்ட் அதிகமோ, அதிலே கடைக்காரருக்குச் செலவும் அதிகம். ரூபே கிரெடிட் கார்டும் வங்கிகளைப் பிடிக்க விசா அளவுக்கு இண்டர்சேஞ்ச் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் 1999-இல் டிஸ்கவருக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும். உள்ளூர் நெட்வொர்க் ஜெயிப்பதும் கட்டணம் குறைவதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். நம் விவாதங்களில் முதலாவதைப் பற்றிய பெருமிதம் இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

நம் ஊர் நகைக்கடைகளிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்' என்று சொல்வதைக் கேட்டுப் பலருக்குக் கோபம் வரும். டெபிட் கார்டுக்கு இப்படிக் கேட்பது நியாயமில்லை, அனுமதிக்கக் கூடாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை, கார்டுக்கு ஒரு விலை உண்டு என்ற உண்மை அதைப் பயன்படுத்துபவர் காதில் விழும் ஒரே இடம் அந்தக் கல்லாதான். அதை அடக்குவதைவிட, எந்தக் கார்டுக்கு எவ்வளவு போகிறது என்று பில்லிலேயே அச்சிடச் சொல்வது உருப்படியான காரியமாக இருக்கும். அதோடு இண்டர்சேஞ்சுக்கு உச்சவரம்பும், அதிலிருந்து எந்த நெட்வொர்க்குக்கும் விலக்கு இல்லாமல்.

கிரெடிட் கார்டுக்கான எம்.டி.ஆரையும் இண்டர்சேஞ்சையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்று ரிசர்வ் வங்கியே 2022 ஆகஸ்டில் ஒரு விவாத அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குப் பிறகு வந்துவிட்டது. உச்சவரம்பு வரவில்லை.